தவசியண்ணன் கோல் முன்னால நின்ன கதை

தவசியண்ணன்கிட்ட அந்தக் கேள்வியக் கேட்டது லூர்துதான். அவன் வாயி சும்மா கெடக்காது. கெடந்திருந்தா நாங்க அத்தன பேரும் பி.டி. சார் லிஸ்டு கொண்டு வர்ற வரைக்கும் கிரவுண்டு ஓரத்து வாகை மரத்தடியில நகத்தக் கடிச்சுக்கிட்டுப் பேசாம உக்காந்திருப்போம்.

விசயம் இதுதான். பாளையங்கோட்டையில எங்க காலேஜு புட்பால் டீம் யுனிவர்சிட்டி ஆட்டத்துக்குத் திருச்சி போகுது. பதினாறு பேருக்குத்தான் எடம். ஆசப்பட்டு வந்தது இருபத்திரெண்டு பேரு. நேத்து எங்களுக்குள்ளயே ரெண்டு கட்சியாப் பிரிச்சு செலக்சன் மேட்சு வச்சாங்க. இன்னைக்கு சாயந்தரம் லிஸ்டு.

தவசிக்கனி எங்களவிட அஞ்சு வயசு மூப்பு. முன்னால இதே காலேஜுல ஒரு வருசம் படிச்சு, ஒம்பதாம் நம்பர் சட்ட போட்டு ஆடுனவரு. அப்பா தவறிப் போனதும் படிப்ப விட்டுட்டுப் பட்டாளத்துல சேந்தாரு. அஞ்சு வருசம் கழிச்சு, அம்மாவுக்கு நடமாட்டம் கொறஞ்சதும், எழுதிக் குடுத்துட்டு ஊருக்கு வந்து, விட்ட எடத்துலேருந்து ரெண்டாம் வருசம் படிக்காரு. வர்ற மாசியில அவருக்கு இருபத்தஞ்சு முடியுது. அதுக்கு மேல யுனிவர்சிட்டி ஆட்டத்துல எறங்க விட மாட்டாங்க. இந்த லிஸ்டுல பேரு வந்தா உண்டு, இல்லேன்னா ஆயுசுக்கும் கெடையாது.

நேத்து நடந்தத ரொம்பக் கிட்டத்துல பாத்தவன் நான்தான், கோல் கீப்பர்லா. ஆட்டம் முடிய அஞ்சு நிமிசம். தவசியண்ணன் நாலு பேரத் தாண்டி வந்துட்டாரு. நான் எதுக்க ஓடிப் போயி விழுந்தேன், என்னையும் தாண்டிட்டாரு. கோலு தொறந்து கெடக்கு. இன்னும் மூணு எட்டு. அப்பம் பாத்து தண்ணி குடிக்க லைனுக்கு வெளிய போயிருந்த லூர்து, "தம் கட்டுண்ணே"ன்னு ஒரு கத்து கத்துனான். அம்புட்டுதான். அண்ணன் வலது காலத் தூக்கி டம்முனு தரையில ஒரு மிதி மிதிச்சு, நெஞ்ச நிமித்தி, ரெண்டு கையையும் தொடையோட ஒட்ட வச்சு, அப்பிடியே நின்னுட்டாரு. பந்து தனியா உருண்டு போச்சு. நான் தவந்துக்கிட்டே போயிப் பிடிச்சேன். கிரவுண்டே வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சுது. பி.டி. சார் மட்டும் சிரிக்கல, நோட்டுல என்னமோ எழுதுனாரு.

"ஏண்ணே, நேத்து ஏன் நின்னீங்க?" லூர்து கேட்டான்.

அண்ணன் பதறல. காலு ரெண்டையும் நீட்டி, மரத்துல சாஞ்சாரு. அவரு அப்பிடிச் சாஞ்சா ஒரு மணி நேரத்துக்குக் கொறையாது.

"ஏலே, உனக்குத் தம்முன்னா மூச்சு. பட்டாளத்துல தம்முன்னா நில்லுன்னு அர்த்தம், இந்தியில. காலையில எந்திரிச்ச உடனே பாயே, தாயேன்னு நடக்க விடுவான். பாயும் கெடையாது, தாயும் கெடையாது, எடது வலதுன்னு சொல்லுதான். நடந்துக்கிட்டே இருப்போம். தம்முன்னான்னா நின்னுறணும். வாயில ஈ போனாலும் துப்பக் கூடாது."

"அது தெரியாமத்தான் கத்திட்டேன்."

"முழுசாக் கேளு. நான் சேந்த மொத மாசம், வெலிங்டன் பட்டாளத்துக் கிரவுண்டு. டிரில் சொல்லிக் குடுக்கவருக்கு உஸ்தாத்னு பேரு. நடந்துக்கிட்டு இருக்கோம். என் எடது காலு அந்தரத்துல இருக்கு. அந்த நேரம் பாத்து தம்முன்னுட்டாரு. மத்தவன்லாம் கால எறக்கிட்டு நின்னான். நான் எறக்கல. சொன்ன நேரத்துல நிக்கணும்லா, அப்பிடியே ஒத்தக் கால்ல நின்னேன். உஸ்தாத்துக்கு அன்னைக்குன்னு லீவு கெடச்சுட்டு. என்னயக் கலைச்சு விட மறந்துட்டு ஊருக்கு ரயிலேறிட்டாரு."

"எத்தன நாள் லீவு?" இது செய்யது. எங்க கேப்டன், பி.எஸ்சி. கணக்கு. எதச் சொன்னாலும் எத்தனன்னு கேப்பான்.

"பத்து நாளு."

"பத்து நாளும் ஒத்தக் கால்லயா நின்னீங்க?"

"கூறில்லாமப் பேசாத. ஞாயித்துக்கெழம பரேடு கெடையாதுலா. அன்னைக்குக் கால மாத்திக்கிட்டேன்."

"சோறு?"

"போறவன் வாறவன் ஊட்டி விட்டான்."

"ஒண்ணுக்கு?" லூர்து விடல.

"அது ராணுவ ரகசியம்" அப்பிடின்னாரு அண்ணன். "உஸ்தாத் திரும்பி வந்து பாத்துட்டு என்னயக் கட்டிப் பிடிச்சு அழுதுட்டாரு. இப்பிடி நிக்கிற ஆளு கீழ இருக்கக் கூடாது, மேல இருக்கணும்னு சொல்லி நேரா லடாக்குக்கு ஏத்தி விட்டுட்டாரு."

லடாக்குன்னதும் நாலஞ்சு பேரு நகந்து கிட்ட வந்தாங்க. லிஸ்ட மறந்தாச்சு. அண்ணனுக்கு அது போதும்.

"எங்க கேம்பு எவ்வளவு ஒசரம் தெரியுமா? மேகத்துக்கு மேல. கீழ மழை பெய்யுதான்னு நாங்க எட்டிப் பாத்துத் தெரிஞ்சுக்குவோம். எங்க கர்னலுக்கு புட்பாலுன்னா உசுரு. எங்களுக்கும் பீரங்கிப் படைக்காரனுவளுக்கும் மேட்சு. மொத ஆப் முடிய ஒரு நிமிசம் இருக்கு. எனக்கு ஒரு பந்து வந்துச்சு. நடு கிரவுண்டுலேருந்து கோலோட வலது மூலைக்குக் குறி வச்சு ஒரே அடி. போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்கு. ஏன்னு கேளு. அங்க காத்தே கம்மி. எறங்குடான்னு பந்தப் பிடிச்சு இழுக்க ஒண்ணுமில்ல."

"காத்து இழுக்காதுண்ணே, பூமிதான் இழுக்கும்" அப்பிடின்னான் செய்யது.

"பூமி கீழ கெடக்கு. நாங்க மேல இருக்கோம். நடுவுல நீ வராத. பந்து கண்ணுக்கு மறஞ்சு போச்சு. ஆப் டைம் விசில் அடிச்சாச்சு. டீ குடிச்சோம். பக்கம் மாறுனோம். வேற பந்து போட்டு ரெண்டாவது ஆப் ஆரம்பிச்சாச்சு. அரை மணி நேரம் ஆயிட்டு. மேல ஒரு சத்தம். நிமிந்து பாத்தா என் பந்து. நான் குறி வச்ச கோலு, நான் குறி வச்ச வலது மூல, நூல் பிடிச்ச மாதிரி வந்து விழுந்துச்சு. ஒரு அங்குலம் தப்பல. ஆனா பக்கம் மாறியாச்சுலா. அது இப்பம் எங்க கோலு."

செய்யதுதான் மெதுவா, "அப்பம் சேம்சைடு கோலு" அப்பிடின்னான்.

"எதிராளி கோலுக்குக் குறி பாத்து அடிச்சு சேம்சைடு போட்டவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்டே."

"கிரவுண்டுல ரெண்டு பந்து இருந்தா ஆட்டத்த நிறுத்தணுமே?"

"நிறுத்துனாங்களே. ரெப்ரி ஒரு மேஜரு. கோலா இல்லையான்னு பாக்க ரூல் புத்தகத்தப் பெரட்டுனாரு. பெரட்டிப் பெரட்டி லெப்டினன்ட் கர்னல் ஆயிட்டாரு, இன்னும் முடிவு சொல்லல."

லூர்துக்குச் சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்துட்டு. நான் முதுகுல தட்டிக் குடுத்தேன். அண்ணன் மட்டும் சிரிக்கல. அவரு சிரிக்க மாட்டாரு. புளுகுறதுல அவருக்கு அந்த ஒரு ஒழுக்கம் உண்டு.

"எங்க கர்னல் சும்மா விடுவாரா? சேம்சைடு போட்டவன் கிரவுண்டு பக்கமே வரக் கூடாதுன்னு என்னய லங்கருக்கு அனுப்பிட்டாரு. லங்கர்னா பட்டாளத்துச் சமையக்கட்டு. எண்ணூறு பேருக்குப் பூரி. உப்பு சரியா இருக்கான்னு பாக்கிற வேல எனக்கு. ஒரு பூரியில பாத்தா மத்த பூரியில எப்பிடி இருக்குன்னு தெரியுமா? நான் வேலையில நேர்மையான ஆளு. ஒவ்வொண்ணுலயும் பாத்தேன்."

"ஒரு ஆளுக்கு நாலு பூரின்னா மூவாயிரத்து எறநூறு" அப்பிடின்னான் செய்யது.

"சாயந்தரம் சப்பாத்தி வேற இருக்கு, அத விட்டுட்டியே. வயிறு பெருத்துப் பெருத்து எட்டு மாசம் என் கால நானே பாக்கல. பூட்ஸ் கயிறு கட்டியிருக்கா அவுந்து கெடக்கான்னு எதுக்க வர்ற ஆளக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்குவேன். ஒரு நாளு ரெண்டு பூட்ஸும் வேற வேற ஆளோடது. ஒரு வாரம் கழிச்சுத்தான் சொன்னானுவ."

இதுல கொஞ்சம் உண்ம உண்டு. ஆனி மாசம் அண்ணன் காலேஜுக்குத் திரும்பி வந்தப்பம் நானே பாத்தேன். பட்டாளத்துலேருந்து ஆளு வருதுன்னதும் நாங்க என்னமோ இரும்புத் தூண எதிர்பாத்தோம். சட்ட பட்டன் ரெண்டு பூட்டாம, மூச்சு வாங்கிக்கிட்டு வந்து நின்னாரு. பி.டி. சார் ஏற எறங்கப் பாத்துட்டு, "புது கேண்டீன் கான்ட்ராக்டரா?"ன்னு கேட்டாரு. அண்ணன் மொகம் சுருங்கிப் போச்சு. மறுநாளு விடியக்காலம் நான் கிரவுண்டுக்கு வரும்போது அவரு ஓடிக்கிட்டு இருந்தாரு. ஒரு ரவுண்டு ஓடுவாரு, கோல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு நிப்பாரு, மறுபடி ஓடுவாரு. அத அவரு யாருகிட்டயும் சொன்னதில்ல. சொல்றது வேற.

"எளைச்ச கதையச் சொல்லுங்கண்ணே" லூர்து எடுத்துக் குடுத்தான்.

"அது பெரிய விசயமில்ல. எங்க ஊர்லேருந்து காலேஜுக்குப் பதினாலு ஸ்டாப்பு. மொத நாளு ஒரு ஸ்டாப்பு முன்னாலயே எறங்கி ஓடுனேன். ரெண்டாவது நாளு ரெண்டு ஸ்டாப்பு. இப்பிடியே நாளுக்கு ஒண்ணாக் கூட்டிக்கிட்டே வந்தேன். பதினாலாவது நாளு ஏறுறதுக்கு முன்னாலயே எறங்கிட்டேன்."

"அது எப்பிடிண்ணே?"

"அததான் கண்டக்டரும் கேட்டாரு. ஏறாம எறங்கக் கூடாதுன்னு ஒரே சண்ட. நான் நிக்கல, ஓட்டம் எடுத்துட்டேன். பஸ்ஸு பின்னால வருது, என்னயப் பிடிக்க முடியல. பஸ்ஸுல இருந்த சனமெல்லாம் பாத்துச்சு. இந்தத் தம்பி கூடப் போனா சீக்கிரம் போயிறலாம்னு ஒவ்வொருத்தரா எறங்கி என் பின்னால ஓடி வர ஆரம்பிச்சுட்டாங்க. பாளையங்கோட்டைக்கு பஸ்ஸு காலியா வந்து சேந்துச்சு. டிரைவரும் கண்டக்டரும் மட்டும் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"நல்லா அளந்து விடுதீரு" அப்பிடின்னான் செய்யது. கேப்டனா இருந்தாலும் அவனுக்கும் ஒதடு துடிச்சுது.

"அளக்கிறதுன்னா வேர்வைய அளந்திருக்கணும். நான் ஓடுன ரோட்டுல ரெண்டு பக்கமும் உப்பு பூத்துட்டு. தூத்துக்குடி உப்பளத்துக்காரங்க வேன் பிடிச்சு வந்து பாத்தாங்க. நாக்குல தொட்டு வச்சாங்க. பாத்தி கட்ட வேண்டாம், கடத்தண்ணி எறைக்க வேண்டாம், இந்தப் பையன வரப்புல ஓட விட்டாப் போதும்னு எங்க அம்மகிட்ட வந்து கேட்டாங்க. அம்ம கட்டில்ல படுத்துக்கிட்டே, எம்புள்ள திருச்சிக்கு ஆடப் போறான், உப்பு வேணும்னா தை மாசம் வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டா. அவ மட்டும் சரின்னிருந்தா நான் இப்பம் மொதலாளி."

"எத்தன கிலோ கொறஞ்சீங்க?"

"தெரியல. ஜங்சன்ல எட பாக்கிற மிசின்ல ஏறி நின்னேன். சீட்டு வந்துச்சு. முதலில் ஏறி நிற்கவும்னு போட்டிருந்துச்சு."

லூர்து அண்ணனோட வயித்தப் பாத்தான். "இப்பவும் கொஞ்சம் முன்னால நிக்குதேண்ணே."

"அது ரிசர்வு" அப்பிடின்னாரு அண்ணன். "பட்டாளத்துல எல்லாத்துக்கும் ரிசர்வு உண்டு."

செய்யது வாட்சுல மணி பாத்தான். சார் வர்ற நேரம் ஆயிட்டு. "அண்ணே, ஊரு ஒலகமெல்லாம் சுத்தியாச்சு. லூர்து கேட்ட கேள்வி அப்பிடியே இருக்கு. நேத்து ஏன் நின்னீங்க?"

"அதுக்குத்தானடே இம்புட்டும் சொல்லிக்கிட்டு வாரேன். நான் நேத்து எடுத்த வேகத்துக்கு அந்த அடிய அடிச்சிருந்தா இந்தக் கீப்பரு இசக்கி இப்பம் இங்க உக்காந்திருப்பானா? வலையும் இவனும் சேந்து ஸ்ரீவைகுண்டத்துல வாழத் தோட்டத்துக்குள்ள கெடந்திருப்பாங்க. அந்த நேரம் பாத்து இந்த சவத்து மூதி தம்முங்கான். என் காலு என் காலு இல்லலே, அது கவர்மெண்டு காலு. வரும்போது பூட்ஸத் திருப்பி வாங்கிக்கிட்டான், கால வாங்க மறந்துட்டான். நின்னுட்டேன். சும்மா நின்னேனா? நான் நின்னுட்டேன், பூமி நிக்கல. அது பாட்டுக்கு முன்னால போயிட்டு. கோல் போஸ்டு மூணடி தள்ளி நிக்கி, வேணும்னா டேப்பு வச்சுப் பாரு."

"அது போன வருசமே கோணலாத்தான் நின்னுச்சு" அப்பிடின்னேன் நான்.

"நீ கீப்பரு, உனக்குத் தெரியாது. என் கால் மிதிச்ச சத்தம் எங்க வரைக்கும் கேட்டுச்சு தெரியுமா? ரோட்டுல ஒரு ரிட்டயர்டு சுபேதாரு சைக்கிள்ல போய்க்கிட்டு இருந்தாரு. அப்பிடியே நின்னுட்டாரு, கால ஊனாம, சைக்கிளு மேலயே. மார்க்கெட்டுல ஒரு கறிக்கடக்காரரு, அவரும் எக்ஸ் மிலிட்டரி, ஆட்ட வெட்டக் கத்திய ஓங்கியிருக்காரு. கத்தி அந்தரத்துல நின்னுட்டு. ஆடு அவர ஒரு பார்வ பாத்துட்டு எறங்கிப் போயிட்டு. இன்னைக்கும் சந்து சந்தாத் தேடுதாங்க."

"எல்லாம் நின்னுச்சு, சரி" அப்பிடின்னான் செய்யது. "பந்து மட்டும் நிக்கலயேண்ணே. அது மெதுவா உருண்டு இசக்கி கையில போயி உக்காந்துட்டே."

எல்லாரும் சிரிச்சோம். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தாரு. "பந்து பட்டாளத்துக்குப் போகலலா" அப்பிடின்னாரு. ஆனா கொரல்ல முன்ன இருந்த தெம்பு இல்ல.

"அந்த ஒரு அடி அடிச்சிருந்தா இம்புட்டுப் பேச்சு பேச வேண்டாம்டே. நேத்துலேருந்து சோறு எறங்கல எனக்கு. அஞ்சு வருசம் ஆட்டத்த நெனச்சுக்கிட்டே கெடந்தேன். பூரி உருட்டும்போதும் அதான் நெனப்பு. திரும்பி வந்து, நாலு மாசம் நாய் மாதிரி ஓடி, கோலு முன்னால போயி அட்டென்சன்ல நிக்கேன். எவனாவது நிப்பானா? மாசி வந்தா வயசு போயிரும். எனக்கு அந்தச் சட்டய ஒரே ஒரு தடவ போடணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

லூர்துக்கு மொகம் செத்துப் போச்சு. "நான் கத்தியிருக்கக் கூடாதுண்ணே."

"நீ நல்லதுக்குத்தான கத்துன. விடு."

"பேசி முடிச்சாச்சா?"ன்னு பின்னாலேருந்து ஒரு கொரலு. எல்லாரும் எந்திரிச்சோம். தொரசிங்கம் சார், எங்க பி.டி. சாரு, மரத்துக்கு அந்தப் பக்கம் கையில காயிதத்தோட நிக்காரு. எம்புட்டு நேரமா நின்னாரோ தெரியாது. அவரு அதிகம் பேச மாட்டாரு. மைக் குடுத்தாலும் ரெண்டு வார்த்ததான்.

"நாளைக்குக் காலையில ரயிலு. மொத ஆட்டம் மேட்டுக் காலேஜு கூட" அப்பிடின்னாரு. மேட்டுக் காலேஜும் எங்க ஊருதான். ரெண்டு வருசமா எங்கள ஓட ஓட விரட்டி அடிச்சவனுக அவனுகதான். சாரு காயிதத்தப் பிரிச்சு வாசிக்க ஆரம்பிச்சாரு. மொதப் பேரு என்னோடது. ரெண்டாவது செய்யது. ஏழாவது லூர்து. நான் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே வந்தேன். பதிமூணு. பதினாலு. பதினஞ்சு. சாரு காயிதத்த மடிச்சு சட்டப் பையில வச்சாரு.

அண்ணன் மெதுவாக் குனிஞ்சு பையத் தூக்கித் தோள்ல மாட்டுனாரு. எங்க யாரு மொகத்தயும் பாக்கல. எனக்கு ஏன்டா அந்தப் பந்தப் பிடிச்சோம்னு இருந்துச்சு.

"தவசிக்கனி" அப்பிடின்னாரு சாரு.

"சார்."

"எங்க போற? பதினாறாவது ஆளு நீதான். சட்டய வாங்கிக்கோ."

அண்ணன் பைய அப்பிடியே கீழ போட்டுட்டாரு. கண்ணு நெறஞ்சுட்டு. லூர்து அவரக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். அண்ணன் மூக்கத் தொடச்சுக்கிட்டு, "எந்தப் பொசிசன் சார்? பார்வேர்டா?"ன்னு கேட்டாரு.

"ஜன்னலோரம்."

"சார்?"

"மேட்டுக் காலேஜுக்காரனுகளும் நாளைக்கு நம்ம பெட்டியிலதான் வாரானுக. அவனுக நடுவுல உனக்கு ஒரு சீட்டுப் போட்டிருக்கேன். ஏறுன நிமிசத்துலேருந்து வாய மூடக் கூடாது. திருச்சியில எறங்கும்போது ஒருத்தனுக்கும் காலு நிக்கக் கூடாது."

தவசியண்ணன் நெஞ்ச நிமித்துனாரு.

"திருச்சி வரைக்கும் எதுக்கு சார்? கோவில்பட்டியிலயே எறங்கி ஊருக்குத் திரும்பிருவானுக."